வராமல் போன வாதம்

பிரஷர் மாத்திரையை இருபது வருடம் விடாமல் விழுங்கிய ஒருவரிடம் அதனால் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், அவர் சொல்லக்கூடிய நேர்மையான பதில் ஒன்றுதான்: ஒன்றும் நடக்கவில்லை. வாய் கோணவில்லை, கை கால் விழவில்லை, நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போடவில்லை. தலைவலி மாத்திரை போட்டவருக்குத் தலைவலி போனது தெரியும். காய்ச்சல் மருந்து குடித்தவருக்கு வியர்த்து உடம்பு லேசானது தெரியும். பிரஷர் மாத்திரைக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. வலிக்காத ஒன்றுக்காக, இன்னும் வராத ஒன்றைத் தடுக்க, தினமும் அதைப் போட வேண்டும். சர்க்கரையும் சேர்ந்திருப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கனமானது. நீரிழிவு உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முன்னால் நிற்பவை இதய, இரத்தக்குழாய் நோய்கள். அந்தக் குழாய்களைச் சர்க்கரை ஒரு பக்கமும் அழுத்தம் மறுபக்கமுமாக அரிக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வி மருத்துவத்தோடு முடிந்துவிடுவதில்லை. நடக்காத ஒன்றைப் பலன் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் அந்தப் பலன் யாருடையது? அது மெய்யான பலன்தான், ஆனால் எந்தத் தனி மனிதரும் ‘இது எனக்குக் கிடைத்தது’ என்று கைநீட்டிக் காட்ட முடியாத பலன் என்பதே என் கட்சி. இதை ஒப்புக்கொண்டால் மாத்திரை போடுபவரின் மனநிலையும், எழுதிக் கொடுப்பவரின் கடமையும், வாதம் வந்து படுத்தவரைப் பார்த்து நாம் பேசும் பேச்சும் மாற வேண்டியிருக்கும்.

இல்லாத ஒன்றை எப்படி அறிகிறோம் என்பது நம் மெய்யியலில் வெகுகாலம் நடந்த வழக்கு. தரையில் குடம் இல்லை என்று ஒருவர் காண்கிறார். அவர் கண்டது வெறும் தரையையா, குடத்தின் இன்மையையுமா? பிற்கால வைசேடிகர் இன்மையை ஏழாவது பதார்த்தமாகவே எண்ணினார்கள். குமாரில பட்டரின் வழி வந்த மீமாம்சகர், இன்மையை அறிவதற்கென்றே காணாமை என்னும் தனி அளவை வேண்டும் என்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் சொல்லும் அளவைகளின் பட்டியலில் அபாவம் என்ற இன்மையையும் குறிப்பிட்டுவிட்டு, எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. இந்த வழக்கில் கட்சிகள் பல என்றாலும் ஒரு நிபந்தனை நடுவே நிற்கிறது. குடம் அங்கே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். பட்டிருக்க வேண்டியது படவில்லை, அதனால்தான் இல்லை என்கிறோம். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதை வைத்துக் குடம் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வராமல் போன பக்கவாதம் இந்த நிபந்தனையில் தேறுவதில்லை. மாத்திரை போடாமல் இருந்திருந்தால் இன்னாருக்கு இன்ன நாளில் வாதம் வந்திருக்கும் என்று பார்த்துச் சொல்ல ஒரு தரை கிடையாது. அந்த மனிதர் ஒரு வாழ்க்கையைத்தான் வாழ்ந்தார். மாத்திரை போடாத இன்னொரு வாழ்க்கை இருட்டறைக்குள் கிடக்கிறது.

மருத்துவம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரே மனிதருக்கு இரண்டு வாழ்க்கை தர முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து இரண்டு தரைகளாக அருகருகே விரித்துப் பார்க்கலாம். நீரிழிவும் அழுத்தமும் பற்றிய விவாதத்தில் அதிகம் பேசப்பட்டது 2010இல் முடிவு வெளியான அக்கார்ட் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 77 மையங்களில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 4,733 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே, மறு சாராருக்கு 140க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். ஓராண்டில் சராசரி 119.3, 133.5 என்று நன்றாகவே பிரிந்தது. ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றையும் கூட்டிய கணக்கு ஒரு பக்கம் 208, மறுபக்கம் 237. சீட்டுக் குலுக்கலின் தற்செயலிலேயே இந்த அளவு வித்தியாசம் வரக்கூடும் என்பதால் வென்றதாகச் சொல்ல முடியவில்லை. பக்கவாதத்தை மட்டும் எடுத்தால் 36, 62. பதினாலு ஆண்டு கழித்து, 2024இல், சீனாவின் பிபிரோட் ஆய்வு அதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டது. 145 இடங்கள், 50 வயதுக்கு மேற்பட்ட 12,821 பேர், நாலு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான கவனிப்பு. கடுமையாக அழுத்தத்தைக் குறைத்த சாராரில் 393 பேர் இதய, மூளை இரத்தக்குழாய் நோயில் விழுந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 492 பேர். இம்முறை தற்செயல் என்று தள்ள இடமில்லை.

அந்த 492க்கும் 393க்கும் இடையில் உள்ள 99 என்ற எண்ணிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கடுமையான சிகிச்சை பெற்றவர்கள் 6,400 பேருக்குச் சற்று மேல். அவர்களுக்குள் 99 பேர் தப்பித்திருக்கிறார்கள். அறுபத்தைந்து பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 99 பேரும் எங்கோ ஒரு சீன நகரத்தில் காலையில் எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கலாம். அவர்களைத் தேடி எடுத்து வாழ்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது, கடைசிவரை முடியாது. நோய் வராத ஆறாயிரம் பேரில் பெரும்பாலோருக்கு வழக்கமான சிகிச்சையிலும் வந்திருக்காது. இன்னும் ஒரு படி உள்ளே போனால், 99 என்பதே கழித்து வந்த மிச்சம்தான். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தப்பித்து, சிலருக்கு மருந்தாலேயே கெடுதல் வந்திருந்தாலும் இதே எண்தான் வரும். ஆய்வு காட்டும் இன்மை கூட்டத்தின் மேல் தெரிகிற இன்மை. அதிலுள்ள ஓர் ஆளின் மேல் அதைக் காண வழியில்லை. ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் அறிஞர் 1980களில் இதைத் தடுப்பு மருத்துவத்தின் முரண் என்று சொன்னார்: ஊருக்குப் பெரிய நன்மை செய்யும் ஏற்பாடு அதில் பங்கெடுக்கும் தனி ஆளுக்குச் சிறிதளவே தருகிறது. தமிழ்நாட்டில் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் இந்த முரணின் மேல்தான் நடக்கிறது. வீட்டு வாசலில் வந்து பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்து, மாத்திரை தந்துவிட்டுப் போகும் பெண் எந்த வீட்டில் ஒரு வாதத்தை நிறுத்தினார் என்று அவருக்கும் தெரியாது, அந்த வீட்டுக்கும் தெரியாது.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. ஆள் யார் என்று தெரியாதது நம் அறியாமை. உலகத்தில் அப்படி ஒரு மயக்கம் இல்லை. இன்னாருக்கு வந்திருக்கும் என்பது ஏற்கெனவே தீர்ந்த விஷயம், அளவுகள் நன்றாக அமைந்தால் ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். அளப்பது என்றால் என்ன என்று கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த நம்பிக்கை தளர்கிறது. மேல்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து நாடியை அடக்கி, மெல்லக் காற்றை விட்டுக்கொண்டே முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார்கள். டொக் டொக்கென்று ஒலி கேட்கத் தொடங்கும் இடம் மேல் எண், அது அடங்கும் இடம் கீழ் எண். ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905இல் சொன்ன முறை. இன்றும் அதன் சாரம் மாறவில்லை. அந்த இரண்டு எண்ணும் ஒரு நாற்காலியில் ஒரு நிமிடத்தில் எடுத்தவை. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறும் அழுத்தம் உண்டு. ஆஸ்பத்திரியில் அடங்கி வீட்டில் ஏறுவதும் உண்டு. உறக்கத்தில் அழுத்தம் இறங்க வேண்டும். நீண்டநாள் சர்க்கரை தன்னியக்க நரம்புகளைக் கெடுத்துவிட்டால் இரவிலும் அது இறங்குவதில்லை, பகல் சீட்டில் அந்த இரவு தெரிவதுமில்லை. காலில் அளக்கும்போது அங்குள்ள குழாய்கள் சுண்ணாம்பு பிடித்து இறுகியிருந்தால் பட்டை நசுக்கியும் அடங்காமல் பொய்யாக உயர்ந்த எண் காட்டும். இருபத்துநாலு மணி நேர அளவீடு, இரவு அளவீடு, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆடுகிறது என்பது என்று அளவுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம், கூட்டுவது நல்லதே. ஆனால் ஒவ்வொரு புதிய அளவும் செய்வது ஒருவரைப் பெரிய கூட்டத்திலிருந்து எடுத்துச் சிறிய கூட்டத்தில் சேர்ப்பதுதான். நூற்றுக்கு இரண்டு என்பது நூற்றுக்கு ஐந்து ஆகும். அந்த ஐந்தில் நீங்கள் உண்டா என்பதை அதுவும் சொல்லாது. உலகம் தன்னளவில் தீர்ந்த உலகமாகவே இருந்தாலும், மாத்திரையை வாயில் போடும் காலைப்பொழுதில் அந்தத் தீர்ப்பு யார் கையிலும் இல்லை. முடிவெடுப்பது அந்தக் காலைப்பொழுதில்தான்.

அப்படியானால் எனக்கு என்ன வந்தது, யாரோ 99 பேருக்காக நான் ஏன் விழுங்க வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குப் பதில் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் நாளொன்றுக்கு இதயம் 1,03,680 முறை இரத்தத்தைக் குழாய்ச் சுவரில் மோதவிடுகிறது. மேல் அழுத்தம் 154 ஆக இருப்பவருக்கு ஒவ்வொரு மோதலும் அந்த வேகத்தில். அது 134க்கு இறங்கினால் அன்றைய லட்சம் மோதலும் தணிகிறது. இந்தத் தணிவு மருந்து கேட்கும் ஒவ்வொரு உடம்பிலும் நடக்கிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள், விழித்திரையின் முடியைவிட மெல்லிய குழாய்கள், மூளையின் அடியாழத்துக் கிளைகள் எல்லாம் அந்த நாள் முழுக்கச் சற்று இளைப்பாறுகின்றன. வாதம் வருவதும் வராததும் சிலரிடத்தில்; பாரம் இறங்குவது எல்லாரிடத்திலும். பலனை நிகழ்ச்சியில் தேடினால் ஆள் அகப்படுவதில்லை. சுமையில் தேடினால் ஒவ்வொருவரும் அகப்படுகிறார்கள். ஆகவே விழுங்கியது வீண் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னாரைக் காப்பாற்றியது என்றும் யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பதுதான் கடினம்.

இந்தச் சுமைக்கு இன்னொரு குணம் உண்டு, அது சமயச் சிந்தனை உள்ளவர்களை உட்காரவைத்து யோசிக்கச் செய்யும். 1998இல் வெளியான பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள 1,148 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்குச் சராசரி அழுத்தத்தை 144/82க்கு இறக்கினார்கள். மறு சாராரில் 154/87. இறங்கியவர்களிடம் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்தபின் எல்லாரும் அவரவர் மருத்துவரிடம் திரும்பினார்கள், இரண்டே ஆண்டில் இரு சாராரின் அழுத்தமும் ஒன்றாகிவிட்டது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது பழைய நன்மை நிலைத்திருக்கவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் ஆரம்பத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, கட்டுப்பாட்டில் வித்தியாசம் மறைந்த பின்பும், நன்மை தொடர்ந்தது. சர்க்கரையின் நல்வினை சேமிப்பாக நிற்கிறது. அழுத்தத்தின் நல்வினை அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்குத் தீர்கிறது. முன்பு செய்த புண்ணியம் பின்பு காக்கும் என்ற கணக்கு ஒரே உடம்பில் சர்க்கரைக்குப் பொருந்தி அழுத்தத்துக்குப் பொருந்தாமல் போகிறது. நேற்று போட்ட மாத்திரையைச் சொல்லி இன்றைக்குக் கடன் கேட்க முடியாது.

பலனைக் கைகாட்ட முடியாத செயல், தினமும் புதிதாகச் செய்ய வேண்டிய செயல் என்றதும் கீதையின் இரண்டாம் அத்தியாயம் நினைவுக்கு வரும்: செயலில் உரிமை உண்டு, பலனில் உரிமை இல்லை என்ற கருத்து. அது இங்கே பொருந்துகிறது என்றே நினைக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பலனை விரும்பக் கூடாது என்று நோயாளியிடம் சொல்வது பேதைமை. வாதம் வரக்கூடாது என்று விரும்பித்தான் மாத்திரையை எடுக்கிறார், அந்த விருப்பத்தில் குறை ஒன்றுமில்லை. விட வேண்டியது விருப்பத்தை அல்ல, ‘நான் சரியாக இருந்தேன், ஆகவே நோய் எனக்கு வராமல் இருக்கக் கடமைப்பட்டிருக்கிறது’ என்ற பேரத்தை. பேரமாக எடுத்துக்கொண்டவர் இரண்டு வழியில் ஏமாறுகிறார். ஒன்றும் நடக்காத மாதங்களில், இது தேவையே இல்லை போலிருக்கிறது என்று நிறுத்திவிடுகிறார். ஏதாவது நடந்துவிட்டால், இத்தனை வருடம் தின்றதெல்லாம் வீண் என்று மற்றவர்களுக்கும் சொல்லித் திரிகிறார். பல் தேய்ப்பது போல, வாசல் தெளிப்பது போல, இன்றைய பாரத்தை இன்று இறக்கினேன் என்று செய்பவருக்கு இரண்டு ஏமாற்றமும் கிடையாது.

ஆனால் இந்தத் தத்துவத்தை மருந்து கொடுப்பவர் கையில் எடுத்தால் ஆபத்து இருக்கிறது. இந்தக் கட்சிக்கு எதிரான மறுப்புகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். பலனை எதிர்பார்க்காதே என்பது, கேள்வி கேட்காதே என்று ஆகிவிடும். ஏனென்றால் இங்கே நன்மைக்கு முகம் இல்லை, தீமைக்கு முகம் உண்டு. அக்கார்ட் ஆய்வில் மருந்தால் நேர்ந்த கடுமையான பாதிப்புகள் கடுஞ்சிகிச்சைச் சாராரில் 77 பேருக்கு, மறு சாராரில் 30 பேருக்கு. அந்த 77 பேருக்கும் பெயர் உண்டு, கட்டில் எண் உண்டு, எந்த மாத்திரைக்குப் பின் எப்போது மயங்கினார் என்ற குறிப்பு உண்டு. எழுபது வயது, பதினைந்து வருடச் சர்க்கரை, இரவு மூன்று மணி. சிறுநீர் முட்ட எழுந்து நிற்கிறார். இரத்தம் காலை நோக்கி இறங்குகிறது. சட்டென்று குழாய்களை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நரம்புகள் மரத்துவிட்டன. மூன்று மாத்திரைகள் ஏற்கெனவே குழாய்களைத் தளர்த்தி வைத்திருக்கின்றன. கண் இருட்டுகிறது, குளியலறை வாசற்படியில் இடுப்பு மோதுகிறது. மாத்திரைதான் தள்ளியது என்று அவரால் சொல்ல முடியும். அதே மருந்தால் வாதத்திலிருந்து தப்பித்தவர், எதிர்வீட்டிலேயே இருந்தாலும், வந்து சாட்சி சொல்ல மாட்டார், அவருக்கே தெரியாது.

ஆகவே பலன் பெயரற்றது என்பது, மருந்து எழுதுபவருக்குக் கூடுதல் பொறுப்பாக வந்து சேர்கிறது. படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அளந்து, மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுகிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நேரம்தான் வேண்டும். கூட்டம் நெரியும் வெளிநோயாளிப் பிரிவில் அந்த நேரம் கிடைப்பதில்லை என்பது உண்மை. அதனால் அதன் அவசியம் குறைந்துவிடுவதில்லை. கூட்டத்தின் நன்மைக்காக ஒருவரிடம் மருந்தை நீட்டும் உரிமை, அந்த ஒருவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்த்த பிறகுதான் வருகிறது. 120ஆ, 130ஆ, 140ஆ என்ற எண்ணும் அங்கேதான் முடிவாக வேண்டும். திடமாக நடமாடும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்குச் சீன ஆய்வு ஒரு நல்ல நியாயம் தருகிறது. நிற்கும்போதே தள்ளாடுபவருக்கு அதே நியாயம் செல்லாது.

இனி, விழுந்தவர்கள். அக்கார்டில் கடுஞ்சிகிச்சை பெற்றும் பக்கவாதம் வந்த 36 பேர், பிபிரோடில் கடுஞ்சிகிச்சை பெற்றும் இதய, மூளை இரத்தக்குழாய் நோயில் விழுந்த 393 பேர். பலன் யாருடையது என்று கேட்கும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. நம் ஊரில் ஒருவர் வாதம் வந்து கிடந்தால் சுற்றி நிற்பவர்கள் இரண்டு விளக்கங்களை எடுப்பார்கள். தலையெழுத்து என்பார்கள், இல்லாவிட்டால் வாயைக் கட்டவில்லை, ஊறுகாயை விடவில்லை, இவரே வரவழைத்துக்கொண்டார் என்பார்கள். ஒன்று ஊழ், மற்றது குற்றம். சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகர் என்ற துறவி புத்தரிடம் கேட்கிறார்: மனிதர் படும் துன்பமெல்லாம் முன் செய்த வினையால்தான் என்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் அதை மறுத்து எட்டுக் காரணங்களை எண்ணுகிறார்: பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடம்பைத் தவறாகப் பேணுதல், திடீரென நேரும் தாக்குதல், கடைசியில் வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எட்டில் ஒன்றுதான் தவறான பேணுதல். வள்ளுவரும் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்குக் கொடுத்தார். ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கவில்லை. குற்றம் சொல்லாவிட்டால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் இன்றைய செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது வேறு, வந்துவிட்ட நோயைக் காட்டி அவர் செயலை எடைபோடுவது வேறு. மாத்திரையை விட்டவரிடம் ஏன் விட்டீர்கள், காசில்லையா, கிறுகிறுத்ததா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வாதம் வந்ததை வைத்து அவர் விட்டிருப்பார் என்று முடிவு கட்டக்கூடாது. கடுமையான சிகிச்சை பெற்றவர்களுக்குள்ளும் அது வரும் என்பதை அக்கார்டின் அந்த 36 பேர் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் அப்படிப்பட்ட ஒருவரின் கட்டிலருகே அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள்கூட மாத்திரை தவறினதில்லையே டாக்டர், உப்பைக்கூடப் பாதியாகக் குறைத்தோமே, இவருக்கு எப்படி வந்தது என்று கேட்பார். விதி என்றும் சொல்லலாம், இன்னும் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். இரண்டும் சுலபம், இரண்டும் அந்தக் கேள்விக்குச் செய்யும் அநியாயம். அவர் செய்தது சரிதான் அம்மா, இத்தனை வருடம் அந்தக் குழாய்களுக்குப் பாரம் குறைந்துதான் இருந்தது, அப்படியும் சிலருக்கு வந்துவிடுகிறது, அது அவர் செய்த தப்பு இல்லை என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் கைப்பைக்குள்ளும் சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று இரண்டு அட்டைகள் இருக்கும். இன்றைக்கான மாத்திரையை அவர் இன்னும் போட்டிருக்க மாட்டார்.